வானத்துக்கு அடியில் ஒரு பெயர்

போர்த்கென்வர்,
6 பிப்ரவரி 1951

அன்புள்ள ஹெஸ்டர் அக்காவுக்கு,

லவ்டே எழுதிக்கிறது. நானும் வீட்டுக்காரர் ஜோரியும் சுகம். இங்க தங்கி எனக்கு வரையச் சொல்லிக் குடுத்துட்டு செப்டம்பர்ல நீங்க லண்டனுக்குக் கிளம்புனதுல இருந்து, மத்திக்கு உப்புப் போட்டு முடிச்சதும் தூரிகையும் கையுமாத்தான் இருக்கேன். நீங்க எழுதுன மாதிரியே அடியில எண்ணெய் நிறையச் சேத்த சாயம், மேல டர்பன்டைன் விட்டு நீர்க்கக் கரைச்ச சாயம். அடி காயவே மாட்டேங்குது அக்கா!

ஜோரி தோணிக்குப் புதுச் சாயம் அடிக்கிறார். எங்க வழக்கம் தெரியுமே, வெறும் பலகையில முதல்ல பேரை எழுதிட்டு அதுமேலதான் பூசுவாங்க. வெளிய தெரியாட்டியும் கடலுக்குத் தெரியுமாம். என் படத்தைப் பாத்து, "ஜன்னலத் திறந்தா நிஜக் கடலே இருக்கு, இதுக்கு எதுக்குடி வீடெல்லாம் நாறுது?"ன்னு ஒரே கிண்டல்.

ஒருவழியா மேல காஞ்சதும் ரயில்ல அனுப்பிட்டேன். தண்ணி வத்துன கடல், சாஞ்சு கிடக்குற எங்க தோணி. கையெழுத்துப் போடத் தைரியம் வரலை. சரியா இருந்தா நீங்களே கீழ 'லவ்டே ட்ரெவின்'னு போட்டு, ஏதாவது கண்காட்சியில ஒரு மூலையில மாட்டுங்க. உப்புக் கைக்கு ஓவியம் ஒரு கேடான்னு கேக்குறவங்க வாயடைக்கணும்.

உங்கள் அன்புத் தங்கை,
லவ்டே


லண்டன்,
20 பிப்ரவரி 1951

அன்பு லவ்டே,

படம் வந்தது. கூடவே அனுப்பிய குங்குமப்பூ ரொட்டி அருமை. படம், ஆரம்பக்காரிக்குப் பரவாயில்லை. கடல் கறுத்துவிட்டது, வானம் தட்டை. கண்காட்சியை எல்லாம் மறந்துவிடு. பரணில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நான் சொன்ன முறையை மாற்றாதே. காயவில்லை என்று புலம்பாமல் பொறுமையாக இரு, லவ்டே. எண்ணெய் மெல்லத்தான் காயும்.

ஹெஸ்டர்


போர்த்கென்வர்,
29 மே 1951

ஹெஸ்டர் அக்காவுக்கு,

துறைமுகத்துல வரைய வந்த ஒருத்தர் பேப்பர் காட்டினார், அதுல என் படத்தோட போட்டோ. 'முதல் பரிசு: வற்றிய கடல். ஓவியர் ஹெஸ்டர் வேன்.' மியூசியத்துல மாட்டிட்டாங்களாமே. தோணியோட இடப்பக்கம் தகர ஒட்டு இருக்கே, அதை ஜோரி ஜனவரியிலதான் அடிச்சார். நீங்க எந்தக் கண்ணால பாத்தீங்க அக்கா?

உங்க முறையைச் சொன்னேன். அந்த ஆள் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். "யாரோ தலைகீழாச் சொல்லிக் குடுத்திருக்காங்கம்மா. மேல சட்டுனு காயும், அடி நெகிழ்ந்துக்கிட்டே கிடக்கும். குளிர்காலம் வந்தா பாளம் பாளமா வெடிக்கும்"ங்கிறார். நான் நல்லா வரைஞ்சிடுவேன்னு பயந்தீங்களா?

எனக்கு வேற ஒண்ணும் வேணாம். என் பேரைப் போடச் சொல்லுங்க.

லவ்டே


லண்டன்,
8 ஜூன் 1951

லவ்டே,

என்னிடம் கற்றது என்னுடையதுதான். இரண்டு மேகங்களைத் திருத்தியதும் நான். மீனுக்கு உப்புப் போடுகிறவள் வரைந்தாள் என்றால் ஊர் சிரிக்கும். வெடித்தால் வெடிக்கட்டும், நாலு விரிசல் இருந்தால் படத்துக்கு மதிப்புதான். இனி எழுதாதே.

ஹெஸ்டர் வேன்


போர்த்கென்வர்,
14 ஜூன் 1951

ஹெஸ்டர்,

வயிறு எரியுது, மறைக்க மாட்டேன்.

தோணி வழக்கத்தை எழுதியிருந்தேனே, மறந்துட்டியா? நானும் வெறும் துணியில முதல்ல என் பேரைத்தான் எழுதினேன். ரத்தச் சிவப்புல, நீ சொன்னபடியே எண்ணெயை வழிய வழிய விட்டு, இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும். அதுக்கு மேலதான் உன் தட்டை வானம்.

சுரண்டித்தான் பாரேன். ஏன் சுரண்டுறேன்னு மியூசியத்துல கேப்பாங்க. நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன். நீயே குளிர்காலத்துக்குக் குளிர்காலம் போய் நின்னு பாரு. இனிமே ஒரு நாள்கூட நீ நிம்மதியா இருக்கக் கூடாது. அது போதும் எனக்கு.

உப்புக் கை


லண்டன்,
17 ஜனவரி 1953

என் அன்பு லவ்டே,

படத்தில் வானம் வெடித்துவிட்டது. உன் பெயரின் முதல் எழுத்து முழுதாகத் தெரிகிறது, இரண்டாவதும் தொடங்கிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் விரலை நீட்டுகிறார்கள். வரும் வாரம் கழற்றிப் பரிசோதிக்கப் போகிறார்களாம். இருவரும் சேர்ந்து வரைந்தோம் என்று ஒரு வரி எழுதேன். நீ என் தங்கையல்லவா? நான் என்ன செய்யட்டும், சொல்லம்மா.

உன் அக்கா,
ஹெஸ்டர்


போர்த்கென்வர்,
21 ஜனவரி 1953

ஹெஸ்டர்,

பொறுமையாக இரு. எண்ணெய் மெல்லத்தான் காயும்.

லவ்டே ட்ரெவின்