உருண்டைக் குமிழ்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல மருந்துக்கடைப் பெண் எழுதுகிறாள். நானும் உன் அம்மாவும் சுகம். மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும்.

டாக்டரம்மா அடுத்த மாதக் கடைசியோடு கிளினிக்கை மூடுகிறார். முப்பத்தொரு வருடம். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அப்படியே கண்ணில் நிற்கிறது. தையல்கடைக்கு மேலே ஒரே அறை, ஒரு மேசை, மூன்று நாற்காலி, அதில் ஒன்று ஆடும். மூட்டுக்கென்று தனி டாக்டரா, இனி முழங்கைக்கு ஒருத்தர் முழங்காலுக்கு ஒருத்தர் வருவார்கள் போல என்று தையல்காரர் சிரித்தார்.

அன்றைக்கு நான் ஒரு தப்புச் செய்தேன். வந்தவர்களுக்கெல்லாம் மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டேன். சாயங்காலம் டாக்டரம்மா கூப்பிட்டு, "நீங்க திறந்துவிட்டா அவங்க கை எப்படி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவங்களே திறக்கட்டும்" என்றார். பாதிக் கண்ணாடிக் கதவு. திருப்பித் திறக்கப் பித்தளையில் உருண்டைக் குமிழ். இருந்த இடத்திலிருந்தே பார்ப்பார். முடியாதவர்களுக்கு அவரே எழுந்து வந்து திறப்பார்.

சீட்டில் உள்ள பெயர் எனக்கு வாசிக்க வராது. கையை வைத்தே ஆளை ஞாபகம் வைத்தேன். பஸ் கண்டக்டர் இரண்டு உள்ளங்கையால் திருப்பினார். சமையல்காரர் முழங்கையால். டீச்சர் ஒருத்தியைப் புருஷன் நாற்காலியோடு தூக்கி வந்தான், அவளுக்கு வயது இருபத்தெட்டு. எட்டு மாதம் மருந்து. ஒன்பதாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தானே படியேறி வந்து ஒற்றைக் கையால் குமிழைத் திருப்பினாள். டாக்டரம்மா எழுந்து நின்றார். முடியாமல் இருந்த யார் அப்படித் திறந்தாலும் இன்றுவரை எழுந்து நிற்கிறார்.

நாள் கடத்தி வந்தவர்களும் உண்டு. "கோணின விரலை நிமிர்த்த என்கிட்ட மருந்து இல்ல. கோணாம நிறுத்தத்தான் இருக்கு" என்று ஒரு பெரியவரிடம் சொல்லிவிட்டு, அவர் கையை வெகுநேரம் விடவில்லை.

மகளே, போன தடவை வந்தபோது தண்ணீர்த் தம்ளரை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துக் கொடுத்தாய். குழாயை மணிக்கட்டால் தள்ளினாய். பேத்தியின் பொத்தானை உன் அம்மாவைப் போடச் சொன்னாய். தினமும் காலையில் எழுந்து ஒரு மணி நேரம் இப்படித்தான். கேட்டதற்கு, தூக்கம் சரியில்லை, நீங்களும் டாக்டராகிவிட்டீர்களா அப்பா என்று சிரித்தாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேனே, அதுதான் உறுத்துகிறது.

நேற்று டாக்டரம்மாவிடம், தெரிந்தவர் பெண் ஒருத்திக்குக் காலையில் ஒரு மணி நேரம் விரல் மடங்கவில்லையாம் என்றேன். இத்தனை வருடத்தில் யாருக்காகவும் நான் கேட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தார். "உங்க பொண்ணு எப்ப வர்றா?" என்றார்.

நீ வரும்வரை மூடமாட்டாராம். பிறகு தொடர்ந்து பார்க்க, அவரிடம் பழகிய டாக்டர் உன் ஊரிலேயே இருக்கிறாராம். கோபித்துக்கொள்ளாதே, கதவை நான் திறந்துவிட மாட்டேன்.

அந்தக் குமிழை எனக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார். நம் வீட்டு வாசல் கதவில் மாட்டிவிடுகிறேன். ஒருநாள் நீ ஒற்றைக் கையால் அதைத் திருப்பி உள்ளே வர வேண்டும். அன்றைக்கு எழுந்து நிற்க எனக்குத் தெம்பு இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா (கைநாட்டு)