இருநூற்றுப் பதினான்கு பெயர்கள், அதில் பதினொன்று சைவம்

9 செப்டம்பர் 2025, செவ்வாய்

காலையில் மார்கஸ் அங்கிள் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "டிசம்பர் முப்பத்தொன்னோட பதிப்பகத்த மூடிரலாம்னு இருக்கேன்மா. நீ வேற வேல பாத்துக்க." மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லும் அதே குரல்.

"சரி அங்கிள்" என்றேன். வேறு ஏதாவது சொல்லலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் குவளையைக் கழுவப் போய்விட்டார்.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. ஈப்போவில் ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடி. இரண்டே பேர். தொலைபேசி அடிக்காது. என்னைப் போன்ற ஊமைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. தொலைபேசி அடிக்காததுதான் பதிப்பகத்தின் நோய் என்பதும் தெரியும். ஈயச் சுரங்கங்களைப் பற்றிய ஆய்வு நூல், இரண்டு பாகம், அறுநூறு பக்கம், ஆயிரம் படி அச்சடித்தார். முதல் பாகப் பெட்டியின் மேல் நான் உட்காருகிறேன். இரண்டாம் பாகத்தின் மேல் அவர்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கோலாலம்பூர் கால் சென்டருக்கு விண்ணப்பம் போடச் சொல்வார். நாள் முழுக்கப் பேச வேண்டும். செத்தேன்.

12 செப்டம்பர்

இந்தக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில், வெளியிடத்தில் மற்றவர்கள் பேசுவதை எழுதி வைப்பேன். ஒட்டுக்கேட்பதுதான். பேசாதவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு?

இந்த வாரம் அதைப் புரட்டினால் ஒரே விஷயம் ஐந்து முறை. பத்து காஜா ஊர் மருத்துவமனை வரிசையில் இரண்டு பெண்கள், பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியேயா என்று. மருந்துக் கடையில் முட்டி உறை தீர்ந்துவிட்டது. பேருந்தில் ஒருவர் துடுப்பு மாதிரி ஒரு மட்டையை மடியில் குழந்தைபோல வைத்திருந்தார். எல்லாரும் பிக்கல்பால் என்ற புது மட்டைப்பந்தாட்டம் ஆடுகிறார்கள். எல்லாருக்கும் நாற்பத்தைந்துக்கு மேல். எல்லாரும் அதன் விதிகளை யாரோ சொல்லக் கேட்டவர்கள், ஆளுக்கொரு விதி.

தமிழில் ஒரு புத்தகம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

15 செப்டம்பர்

வாயால் சொல்ல வராது என்பதால் ஒரு தாளில் எழுதி அங்கிளின் மேசையில் வைத்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

திரும்பி வந்தபோது தாளைப் பிடித்தபடி இருந்தார். "முப்பது வருசமா தமிழுக்கு ஒழச்சிட்டு, கடைசியில முட்டிவலிக்குப் புக்குப் போடச் சொல்ற."

நான் முதல் பாகத்தின் மேல் போய் உட்கார்ந்தேன்.

"யாரு முன்னுரை?"

"முன்னுரை வேணாம் அங்கிள்."

தாலி இல்லாமல் கல்யாணம் என்று சொன்னதைப்போலப் பார்த்தார்.

"அடுத்த வருசம் எல்லாரும் வேற எதையாவது அடிச்சிக்கிட்டு இருப்பாங்க" என்றேன். "அதுக்குள்ள வரணும். அறுபத்து நாலு பக்கம், பெரிய எழுத்து, மூக்குக்கண்ணாடி இல்லாம படிக்கிற மாதிரி."

ஒரே மூச்சில் இத்தனை சொற்கள். எனக்கே மயக்கம் வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும், இரண்டாம் பாகத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நூறு பேரு வேணும்னு பேரு குடுக்கட்டும், போடுறேன். கடைசியா ஒன்னு" என்றார்.

18 செப்டம்பர்

ஈப்போவுக்குப் பக்கத்தில், லகாட் பொது மண்டபம். மாலை ஐந்து மணிக்கு விமலா டீச்சர் அங்கே பயிற்சி கொடுக்கிறார். தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் இன்னும் விசில்.

"ஓடாதீங்கலா. ஓடுற வயசா இது? பந்து ஒங்ககிட்ட வரும், வெக்கப்படாம நில்லுங்க."

இதை முதல் அத்தியாயத்தின் தலைப்பாகக் குறித்துக்கொண்டேன். புத்தகம் எழுத வேண்டும் என்று கேட்டதும் சிரித்தார். "நான் விசில் அடிச்சவடி. எழுதுனவ இல்ல."

"நீங்க திட்டுங்க டீச்சர். நான் எழுதிக்கிறேன்."

நன்றாகத் திட்டுகிறார். நாளைக்கு எட்டுப் பக்கம் வீதம் தேறும்.

24 செப்டம்பர், புதன்

கடவுளே. என்ன செய்துவிட்டேன்.

ஷாமினிக்கு (பல்கலைக்கழகத் தோழி) அனுப்ப வேண்டிய வாட்சாப் செய்தி. வாசகம் சரியா பார் என்று கேட்க: "பிக்கல்பால் தமிழ்க் கையேடு. நூல் வேண்டுவோர் பெயர் எழுதவும். 1. ஷாமினி 2." அவ்வளவுதான். அது 'ஐந்தாம் டிவிஷன் குடும்பம்' குழுவுக்குப் போய்விட்டது. நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தின் ஐந்தாம் டிவிஷன். மரத்தை வெட்டி, தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்து, வீடுகள் கட்டி விற்றாயிற்று. ஆட்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறினாலும் குழுவில் முந்நூறு பேர் ஒன்றாக இருக்கிறோம். நான் ஐந்து வருடமாக அதில் ஒரு வணக்கம்கூடப் போட்டதில்லை.

அழிப்பதற்குள் நான்கு பேர் நகலெடுத்துத் தங்கள் பெயரைச் சேர்த்துவிட்டார்கள்.

25 செப்டம்பர்

எழுபத்தெட்டு.

26 செப்டம்பர்

நூற்று அறுபத்து மூன்று பெயர்கள்.

ஏன் என்று உட்கார்ந்து மேலிருந்து கீழே படித்தேன். ஒன்பதாவது ஆள் நகலெடுக்கும்போது தலைப்பை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு வெறும் பட்டியல். எங்கள் ஆட்களுக்குப் பட்டியல் வந்தால் போதும், பெயரைப் போட்டுவிட்டுத்தான் எதற்கு என்று யோசிப்பார்கள். கோயில் திருவிழாச் சாப்பாடு, பேருந்துப் பயணம், துப்புரவுப் பணி, எல்லாம் இப்படித்தான்.

"27. ராமையா குடும்பம் 5 பேர் (சைவம்)."

"88. பிரமிளா. பஸ் ஈப்போவிலிருந்து கிளம்பினால் வருவேன்."

அங்கிளிடம் எண்ணிக்கையை மட்டும் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் வெளியிட்ட எந்த நூலுக்கும் இப்படி நடந்ததில்லையாம். அப்போதே அச்சகத்துக்கு அழைத்து முந்நூறு படி என்று சொல்லிவிட்டார்.

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன். வாய் மூடுவதில் எனக்குப் பயிற்சி அதிகம்.

3 அக்டோபர்

"தினேஸ்வரி, இங்க வாம்மா."

முழுப் பெயர். புரிந்துவிட்டது. பட்டியலை அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.

"பிக்கல்பால் புக்குல சைவம் எதுக்கும்மா?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், தரையைப் பார்த்தபடி. அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. பதினோரு சைவங்களையும் விரல்விட்டு எண்ணினார்.

"அச்சகத்துல சொல்லியாச்சு. தாளும் வாங்கிட்டான். இப்ப நெசமா நூறு பேரு வேணும். ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு கேளு."

போன். நூற்று அறுபத்து மூன்று பேருக்கு.

என்னால் முடியாது. முடியவே முடியாது லா. நான் என்ன பண்றது?

4 அக்டோபர்

முதல் எண்ணுக்கு அழைத்தேன். எடுத்ததும் வைத்துவிட்டேன். அவர் திரும்ப அழைத்தார். கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

5 அக்டோபர், ஞாயிறு

குழுவில் ஒரு சண்டை. 61-ஆவதாக இருந்த கனகராஜ் அண்ணன் பெயர் யாரோ நகலெடுத்ததில் விடுபட்டுவிட்டது. அவர் மனைவி குரல் செய்தி அனுப்பியிருந்தார்: "அறுவதுக்கு அப்பறம் நேரா அறுவத்தி ரெண்டுன்னு போகுது. நாங்கன்னா ஒங்களுக்கு எளக்காரமா?" பதிலுக்கு இருபது குரல் செய்திகள். இன்னொருவர் தன் பெயரில் ஓர் எழுத்து குறைகிறது என்கிறார்.

பட்டியல் எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெயர் இருக்கிறதா, சரியாக இருக்கிறதா, அதுதான் கேள்வி.

அந்தக் குரல் செய்திகளை மூன்று முறை கேட்டேன். பிறகு எழுதினேன், எழுத்தில் எனக்குக் கூச்சம் கிடையாது: "இது சாப்பாட்டுப் பட்டியல் அல்ல, மன்னிக்கவும், தவறு என்னுடையது. இது பிக்கல்பால் விளையாடக் கற்றுத்தரும் தமிழ்ப் புத்தகத்துக்கான பட்டியல். வாங்குகிறவர்களின் பெயர், ஐந்தாம் டிவிஷன் குடும்பம் என்ற தலைப்பில், புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அச்சாகும். வேண்டாதவர்கள் பெயரை எடுத்துவிடவும்."

அனுப்பிவிட்டுத் துணி துவைக்கப் போனேன். கைப்பேசியைப் பார்க்காமல் இருக்க இரண்டு முறை துவைத்தேன்.

6 அக்டோபர்

நான்கு பேர் எடுத்தார்கள். ஐம்பத்தைந்து பேர் சேர்ந்தார்கள். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு.

ராமையா மாமா: "அப்ப சாப்பாடு இல்லியா?"

நான்: "இல்ல மாமா. புக்கு உண்டு."

"எங்கப்பா பேரோட சேத்துப் போடு. அச்சுல வருதுன்னா முழுசா வரட்டும். அஞ்சு புக்கு. அந்தச் சைவத்த எடுத்திராத, வீட்டுல கோவிச்சுக்குவாங்க."

அங்கிளிடம் காட்டினேன். வெகுநேரம் திரையை மேலும் கீழும் தள்ளினார். "முன்னுரைக்குப் பதிலா பின்பக்கத்துல இருநூத்திப் பதினாலு பேரா" என்றார். வாயோரத்தில் கொஞ்சம் சிரித்தார்.

20 அக்டோபர்

தீபாவளி. வீட்டுக்கு வந்த ஏழு பேர் என் அம்மாவிடம் முறுக்கையும் என்னிடம் முட்டிவலியையும் பற்றிக் கேட்டார்கள்.

அம்மாவிடம் பதிப்பகம் மூடுவதைச் சொன்னேன். "அப்ப இந்தப் புக்கு ஓடுனா மூட மாட்டாரா?" தெரியாது என்றேன். "ஓட வச்சிரு" என்று சொல்லிவிட்டு அடுத்த முறுக்கைப் பிழிந்தார்.

11 நவம்பர்

வெளியீட்டு விழா பற்றி வாக்குவாதம். அங்கிளுக்கு டத்தோ பட்டம் வாங்கியவர் ஒருவர் வேண்டும், மாலை, பொன்னாடை, முதல் நூல் பெறுபவர், பணம் வைத்த உறை. இத்தனை வருடமும் அப்படித்தான். டத்தோ ஒரு நூலை வாங்கிக்கொண்டு போவார், மிச்சம் பெட்டிக்குள் போகும்.

"லகாட் மண்டபத்துலயே வைக்கலாம் அங்கிள். ஞாயித்துக்கெழம, ஆட்டம் முடிஞ்சதும். எல்லாரும் முதல் நூல் பெறுபவர்."

"கூட்டத்த யாரு நடத்துறது?"

நாங்கள் இருவரும் சன்னலுக்கு வெளியே பார்த்தோம்.

23 நவம்பர், ஞாயிறு

வீடு திரும்ப இரவாகிவிட்டது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மண்டபத்தில் நூற்றிருபது பேருக்கு மேல். கிள்ளானிலிருந்து ஒரு வேன். விமலா டீச்சர் ஒலிபெருக்கியை என் கையில் திணித்து, "பேச வேணாம். பேர மட்டும் படி. பேர் படிக்கறது பேச்சா?" என்றார்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. படிப்பது பேச்சல்ல. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திறந்து முதல் பெயரைப் படித்தேன். குரல் எலிக்குஞ்சுபோல வந்தது. பள்ளிப் பரிசளிப்புபோல ஒருவர் எழுந்து வந்தார். புத்தகத்தை வாங்கி, விளையாட்டுப் பக்கங்கள் எதையும் பார்க்காமல், நேரே கடைசியைத் திறந்து தன் பெயரை விரலால் தடவினார். அடுத்தவர். அடுத்தவர். இருபதாவது பெயருக்குள் குரல் என்னுடையதாகிவிட்டது.

"ராமையா, தகப்பனார் பெயர் கருப்பன், குடும்பம் ஐந்து பேர், அடைப்புக்குறிக்குள் சைவம்" என்று படித்தபோது மண்டபம் கைதட்டியது. மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு டத்தோபோல நடந்து வந்தார்.

கடைசியில் பட்டியலில் இல்லாதவர்கள் வரிசையில் நின்றார்கள். பெயர் இல்லை என்று கோபம் வேறு. "ரெண்டாம் பதிப்புல போடுவீங்களா தங்கச்சி?" என்று ஒருவர் கேட்டார். அங்கிளைப் பார்த்தேன். அவர் வேறெங்கோ பார்த்தார்.

"போடுவோம்ணே" என்றேன். ஒலிபெருக்கி கையிலேயே இருந்தது. எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

9 டிசம்பர்

இரண்டாம் பதிப்பு, ஐந்நூறு. முட்டி உறை விற்கும் மருந்துக் கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள நாற்பது கேட்கிறார். புத்தகக் கடை ஒன்றுகூடக் கேட்கவில்லை.

18 டிசம்பர்

பேருந்தில் பின் இருக்கையில் இரண்டு பேர், பழைய ரப்பர்க் காட்டில் கொட்டாத தேனீ வளர்ப்பதைப் பற்றி. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன். பிறகு திரும்பி, "அண்ணே, பெட்டி எங்க வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

நான்தான் கேட்டேன்.

31 டிசம்பர், புதன்

வேலைக்குப் போனேன். அங்கிளும் நானும் பெட்டிகள் கட்டினோம், ஜொகூருக்கும் சித்தியவானுக்கும். மூடுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் அடுத்த வருடத்துக்கான வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, மை உறிஞ்சும் தாளைத் தேடி, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டினார். எல்லாவற்றையும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே செய்தார்.

கிளம்பும்போது, "நாளைக்கு லீவு. வெள்ளிக்கெழம ஒம்போது மணிக்கு வந்துரு. நீ பஸ்ல நம்பர் குடுத்த தேனீ அண்ணன் ரெண்டு பேரும் போன் போட்டாங்க, அடுத்த புக்குக்குப் பெட்டியோட வாராங்களாம், நீயே பேசிக்க" என்றார்.

பெட்டிக்குள் தேனீ இருக்குமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.