தம்பி அனுப்பிய கிட்டார்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கமாட்டேன். கேட்டால் பொய் சொல்வாய்.

நீ அனுப்பிய எலெக்ட்ரிக் கிட்டார் வந்து சேர்ந்தது. விபத்தில் ஒடிந்த கைக்குப் பயிற்சியாக இருக்கும் என்று எழுதியிருந்தாய். முதல் வாரம் அழுகைதான் வந்தது. ஒரு கம்பியை அழுத்துவதற்குள் மணிக்கட்டு வரை வலி. இதைக் கேள்விப்பட்டு மாமாவுக்குப் போன் போட்டு, "அக்கா கை இனி தேறாது மாமா, நான் வண்டி ஓட்டினதாலதான் எல்லாம்" என்று புலம்பினாயாமே. அவர் வாயில் எது நிற்கும்? அப்படியே ஒப்பித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் கிட்டாரை மேஜைமேல் கிடத்தி, ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தேன்.

வருஷக்கணக்காக மூக்குக்கண்ணாடி பொருத்துகிறவள் நான். பெட்டியிலிருந்து எடுத்த ஃப்ரேம் எந்த மூக்கிலும் நேராக உட்காராது. இந்த மலிவு கிட்டாரும் அந்த ஜாதிதான். கம்பிகள் கட்டையிலிருந்து அவ்வளவு உயரத்தில் நின்றன. அவற்றைத் தாங்கும் குட்டித் திருகுகளை இறக்கினேன். கண்ணாடி ஸ்க்ரூவை அடிவரை முறுக்கியே பழகிய கை, இதையும் அப்படியே முறுக்கிவிட்டது. கம்பிகள் கட்டையில் உரசி, தகர டப்பாவுக்குள் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி சத்தம்! "நீ அழுத சத்தமே தேவல" என்றார் மாமா.

பிறகுதான் கிட்டாரின் கழுத்தை, விரல் வைக்கும் அந்த நீளக் கட்டையைப் பார்க்கத் தோன்றியது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தால், வளைந்து கிடக்கிறது. மெல்லிய கம்பிகளாக மாற்றி, சுருதி சேர்த்து, வளைவை நிமிர்த்தவென்றே கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைக் கால் சுற்று முறுக்கினேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கால் சுற்று. நிமிர்ந்துவிட்டது. அப்புறம் திருகுகளை மயிரிழை மயிரிழையாக உயர்த்தினேன். இரைச்சல் போன இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

இப்போது விரல் நுனி மட்டும் எரிகிறது. அது புதிதாகக் கற்கிற எல்லோருக்கும் எரியுமாம். மணிக்கட்டில் வலியே இல்லை. மூன்று விரல் வைத்து வாசித்தால் சுத்தமாகக் கேட்கிறது. என் கைக்கு ஒன்றுமில்லையடா. திங்கட்கிழமை முதல் மறுபடி கண்ணாடிக் கடைக்குப் போகிறேன்.

அன்று ரோட்டில் எண்ணெய் கொட்டிக் கிடந்தது. யார் ஓட்டியிருந்தாலும் சறுக்கியிருக்கும். எத்தனை தடவை சொன்னாலும் உன் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது. பார்சல் மேல் பார்சலாக வருகிறது, ஆளைத்தான் காணோம். உன்னைப் பார்க்காமல் எனக்கு என்னவோபோல் இருக்கிறது.

அடுத்த மாதம் லீவு போடு. ஸ்டேஷனுக்கு நானே வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன். திரும்பும்போது நீதான் ஓட்டவேண்டும். நான் பின்னால் உட்கார்ந்துகொள்வேன்.

நீ நன்றாக இருக்கவேண்டும், ராஜா.

உன் அக்கா