பன்னிரண்டு மணல் மூட்டைகள்

அண்ணை,

இன்று காலை நீங்கள் இடுப்பில் உடுத்த பழைய சாரத்தை எடுத்து உதறினேன். பெற்றோலும் எண்ணெயும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியது. உள்ளே சுற்றி வைத்திருந்த, வள்ள எஞ்சினின் பெரிய பித்தளை விசிறி காலடியில் விழுந்தது. அழுகைதான் வந்தது. ஆனால் இன்றைக்கு அழ எனக்கு நேரமில்லை.

நேற்று சின்னத்தம்பியர் வந்து முற்றத்தில் நின்றார். காரைநகர்த் துறையில் இன்னமும் அவர் வைத்ததுதான் சட்டம்.

"பிள்ளை, அண்ணை செத்து ஆறு மாசம். நயினாதீவு அம்மனுக்குக் கொடியேறப் போகுது. வள்ளத்தை என்ரை பெடியளிட்டைக் குடு. பொம்பிளை எஞ்சின் பிடிச்சால் ஆர் ஏறுவினம்?"

"ஏறுறவை ஏறட்டும். நீங்கள் கரையிலை நிண்டு பாருங்கோ," என்றேன்.

நாலு வருடத்துக்கு முன் இதே மனிதர் உங்களிடம் சொன்னது நினைவிருக்கிறதா? பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு நயினாதீவுக்குப் போகும் வலு உங்கள் புது வள்ளத்தின் எஞ்சினுக்கு இல்லையென்றால், திருவிழாவுக்குத் துறையில் இடமில்லை என்றார். வள்ளத்தின் பின்பக்கம் மாட்டும் அந்தச் சின்ன எஞ்சினோடு தண்ணீரைத் தள்ளிச் சுழலும் இரண்டு விசிறிகள் வந்திருந்தன. யாழ்ப்பாணக் கடைக்காரர் பெரியதைப் பூட்டச் சொன்னார். அதுதான் வேகமாம். உங்களுக்கும் அதன் மினுக்கம் பிடித்துவிட்டது.

புது வள்ளத்தில் அம்மனிடம் போகிறவர்கள்தான் முதலில் ஏறவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதனால் வெள்ளோட்டத்தில் நீங்களும் ஒரு நிறைகுடமும் மட்டும்.

"பறக்குது தங்கச்சி, பறக்குது!" என்று கத்தினீர்கள். நான் எஞ்சினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்துடன் கரையில் நின்றேன்.

"அண்ணை, பாரத்தோடை ஓட்டிப் பாத்துத்தான் விசிறியைத் தெரிஞ்செடுக்கோணுமாம்."

"உடுவில் பள்ளிக்கூடத்திலை உனக்குக் கடலும் படிப்பிச்சவையோ?"

அன்றைக்கு உங்களுக்கு நான் தேத்தண்ணி தரவில்லை. தராதது சரிதான்.

மறுநாள் விறகு ஏற்றி வந்தீர்கள். சோழகக் காற்று எதிரே அடித்தது. எஞ்சின் முனகிப் புகைத்தது, வள்ளம் நகரவில்லை. கடைசியில் சவள் துடுப்பை வலித்துத்தான் கரை சேர்ந்தீர்கள். துறையே சிரித்தது. எஞ்சினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றவர்களின் வள்ளத்தில் கூலிக்குப் போகிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டு இருந்தீர்கள். எனக்கு வந்த கோபம்!

"எஞ்சினிலை பிழையில்லை, விசிறியிலைதான் பிழை. ஒரு சுத்துக்கு அவ்வளவு தண்ணியைத் தள்ளச் சொன்னால், பாரத்தோடை அது எப்பிடிச் சுத்தும்? பெரிய கவளத்தை வாயிலை அடைச்சால் மெல்ல ஏலுமோ? சின்னதைப் பூட்டுங்கோ."

"ஆளை ஏத்தாமல் எப்பிடிப் பாரம் பாக்கிறது? வழக்கம் இருக்கெல்லே."

"மணலுக்கு என்ன வழக்கம்?"

பன்னிரண்டு சாக்கிலும் நான்தான் மணல் அள்ளினேன். மணலுக்குத் திருவிழா காட்டப் போகிறோம் என்று ஊரார் கேலி செய்தார்கள். செய்யட்டும். அதே மூட்டைகள், அதே காற்று. கடலில் நட்டிருந்த கம்பத்தை நோக்கி முதலில் பெரிய விசிறியோடு போனீர்கள், பாதியில் திரும்பினீர்கள். பிறகு சின்னதைப் பூட்டினீர்கள். கம்பத்தைச் சுற்றி வந்து கரையை நெருங்கியபோது கண்ணை மூடிக்கொண்டு சொன்னீர்கள்: "கேள் தங்கச்சி. முந்தி முனகினது. இப்ப பாடுது."

திருவிழாவன்று பன்னிரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். ஆர் தெரிந்தெடுத்த விசிறி என்று சின்னத்தம்பியர் கேட்டார். தேங்காய் நிறைத்த ஓலைக் கடகத்தோடு நான் பின்னால் நிற்கிறேன், நீங்கள் கூசாமல் "எல்லாம் என்ரை யோசினைதான்" என்றீர்கள். இரண்டு நாள் உங்களோடு நான் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தீர்கள்.

"பேரை நான் எடுத்திட்டன். எஞ்சினை நீ எடு. இழு."

ஆரும் இல்லாத மத்தியானங்களில் அந்தக் கயிற்றை இழுத்து இழுத்து என் உள்ளங்கை காய்த்தது.

இன்று மத்தியானம் ஆரும் இல்லாமல் இல்லை. துறை நிறைய ஆட்கள். பன்னிரண்டு மணல் மூட்டையோடு கம்பத்தைச் சுற்றி வந்தேன். சோழகம் முகத்தில் அறைந்தது. சேலை முழுக்க உப்புத் தண்ணீர்.

"எந்த விசிறி?" என்று கேட்டார் சின்னத்தம்பியர்.

"சின்னது. அண்டைக்கும் இண்டைக்கும் அதைத் தெரிஞ்செடுத்தது நான்தான்."

கோவிக்காதேங்கோ அண்ணை. அந்தப் பேரைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். அது என்னுடையது. அவர் சால்வையை உதறிக்கொண்டு போனார்.

நாளை கொடியேற்றம். பதினொரு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சற்று முன் வாசல் படலையடியில் சின்னத்தம்பியரின் மனைவி வந்து நின்றா. "பிள்ளை, எனக்கும் ஒரு இடம் வை. அவரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

ஓம் என்றேன். கடைசி மூட்டையின் மணலையும் கரையில் கொட்டிவிட்டேன். பெரிய விசிறியைத் திரும்பவும் உங்கள் சாரத்திலேயே சுற்றி வைத்திருக்கிறேன். விடியக் கயிற்றை இழுத்ததும் நானும் கண்ணை மூடிக் கேட்பேன், அண்ணை. அது பாடும்.