பின்னால் கட்டிய கார்

பிப்ரவரி 25, மோர்காம்ப், இங்கிலாந்து

தம்பி டெஸ் வந்திருந்தான். கூடவே அவன் மனைவி லொரைன். சமையலறை மேசையில் காகிதங்களைப் பரப்பினான். அவர்களுடைய மோட்டார்ஹோமில் ஸ்பெயினுக்குப் போகிறார்களாம், நானும் வரவேண்டுமாம். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் பெரிய வண்டி அது. டெஸ்ஸின் பழைய நண்பன் ராட்னி எழுபது வயதில் மறுபடி கல்யாணம் செய்துகொள்கிறான். டெஸ்தான் மாப்பிள்ளைத் தோழன். பெண் ஸ்பெயின்காரி, என்கார்னா. கல்யாணம் அவள் ஊரில், அல்மெரியாவுக்கு மேலே மலையில். அந்தச் சந்துகளில் பெரிய வண்டி நுழையாது. ஆகவே பின்னால் ஒரு சின்னக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போகவேண்டும்.

என் கார்.

“லேசான வண்டி அக்கா. நம்ம வண்டி தாராளமா இழுக்கும்” என்றான். ஓ, அதற்குத்தான் அழைப்பா! கேட்டேன். லொரைன் சிரித்துவிட்டாள். “காருக்காகப் பாதி, உனக்காகப் பாதி.”

என் வீட்டுக்காரர் கீத் போனதிலிருந்து கார் வாசலில் நிற்கிறது. லொரைன் எப்போதாவது எடுத்து ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துவாள். நானா? லைசென்ஸ் இருக்கிறது. தவறாமல் புதுப்பிக்கிறேன். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 28

டெஸ் முன்வாசலில் குனிந்து இழுவைக் கம்பியைப் பொருத்திக்கொண்டிருக்கிறான். முக்கோணம் மாதிரி ஒரு இரும்பு. அதன் அகன்ற பக்கம் காரில், கூர்மையான பக்கம் பெரிய வண்டியில். காரின் நான்கு சக்கரமும் தரையில் உருளும். எதிர்வீட்டு ஹோவர்ட் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஸ்பெயின்ல இது செல்லாதுப்பா. போலீஸ்காரன் பிடிப்பான்” என்றார்.

“நம்ம நாட்டுல செல்லுற வண்டி அங்கயும் செல்லும். சர்வதேச ஒப்பந்தம் இருக்கு.”

“ஒப்பந்தம் உனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாட்டி நான் சொல்லித் தரேன்.”

ஐயோ டெஸ்.

மார்ச் 3

போன மாதம் டெஸ்ஸுக்கு ஒருமுறை நினைவு தப்பியதே, அதனால் ஆறு மாதம் ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் இன்று கறாராகச் சொல்லிவிட்டார். முழு வழியும் லொரைன்தான் ஓட்டவேண்டும். அவள் அலட்டிக்கொள்ளவில்லை. டெஸ்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான்.

மார்ச் 7, நார்மண்டியில் எங்கோ

கப்பலில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. டெஸ் மட்டும் பச்சையாகிக் கிடந்தான். இன்று ஒரு வளைவில் பிரெஞ்சு போலீஸ்காரர் ஒருவர் எங்களைப் பார்த்தார், பின்னால் உருளும் ஆளில்லாத காரைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுத் தன் சிகரெட்டுக்குத் திரும்பினார். “பாத்தியா? பாத்தியா?” என்று டெஸ் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். அந்த மனுஷருக்கு வேலை முடியும் நேரமாக இருந்திருக்கும்.

மார்ச் 9

மழை. வெண்ணெய். மழை.

மார்ச் 10, எல்லைக்கு இந்தப் பக்கம்

முகாமில் பக்கத்தில் ஒரு லீட்ஸ்காரர். அவரும் கார் கொண்டுவந்திருக்கிறார். ஆனால் ட்ரெய்லர் மேலே ஏற்றி, சக்கரத்தைப் பட்டை போட்டுக் கட்டி. “இப்படி ஏத்தினா எந்த நாட்டுலயும் கேள்வி இல்ல. உங்க மாதிரி உருட்டிட்டுப் போனா, பழுதான வண்டிய மீட்பு வண்டி இல்லாம நீங்களே இழுக்கிறதா ஸ்பெயின்காரன் எடுத்துக்குவான்” என்றார். ட்ரெய்லரின் பாரமும் சேர்ந்தால் எங்கள் வண்டி இழுக்காது. லொரைன் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

டெஸ் ஒரு ஃபைல் வைத்திருக்கிறான். ஒப்பந்தத்தை ஸ்பானிஷ் மொழியில் அச்செடுத்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டு. பார்க்கவே பாவமாக இருக்கிறது.

மார்ச் 11, சரகோசாவுக்கு முன்னால்

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

காலையில் எல்லையைத் தாண்டினோம். வெயில். டெஸ் பாடினான். மதியத்துக்கு முன்னால் பின்னால் இரண்டு மோட்டார்சைக்கிள், விளக்கு. ஓரம் கட்டச் சொன்னார்கள். ஒருத்தி சின்னப் பெண், தலைக்கவசத்தைக் கழற்றியதும் பின்னல் விழுந்தது. கூட ஒரு மீசைக்காரர். பெண்ணுக்கு நம் மொழி நன்றாக வருகிறது.

டெஸ் ஃபைலோடு குதித்து இறங்கினான். எனக்கு அந்த இடத்திலேயே மறைந்துவிடலாம் போலிருந்தது. அந்தப் பெண் அவசரப்படவே இல்லை. பக்கம் பக்கமாக வாங்கிப் படித்தாள். மஞ்சள் கோடுகளைக்கூட விரலால் தொட்டுப் படித்தாள். மீசைக்காரர் கார் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா தயார் பண்ணியிருக்கீங்க சார். இது வண்டியப் பத்தின ஒப்பந்தம். உங்க வண்டி ரெண்டும் சரிதான், தாராளமா ஓட்டலாம். ஆனா ஒண்ண ஒண்ணு இழுக்கிறது எங்க சாலை விதிப்படி கூடாது. அதுக்குன்னு இருக்கிற மீட்பு வண்டிதான் இழுக்கணும்.”

“எங்க ஊர்ல அத ட்ரெய்லர்னுதான் சொல்லுவாங்க!”

“எங்க ஊர்ல அத கார்னு சொல்லுவோம்.”

மீசைக்காரருக்கு மொழி புரியாமலே சிரிப்பு வந்துவிட்டது.

அபராதம் எழுதினாள். அதுகூடப் பெரிதில்லை. இங்கேயே கழற்றவேண்டும், கட்டியபடி ஒரு அடி நகரக்கூடாது என்றாள். அப்போதுதான் டெஸ் முகம் விழுந்தது. சனிக்கிழமை கல்யாணம். மோதிரம் இவன் பையில். காரை இங்கே விட்டுப் போனால், திரும்பி வரும்வரை யார் பார்த்துக்கொள்வது? கிழவர்கள் நாங்கள் மலையடிவாரத்திலிருந்து எப்படி ஏறுவது? அதோடு இந்தப் பக்கம் என்னுடைய கார், அனாதையாக ஒரு பெட்ரோல் பங்கில்.

“யார் ஓட்டுறதுன்னு சொல்லுங்க” என்று அந்தப் பெண் எங்கள் மூவரையும் பார்த்தாள். “இவர்?”

“டாக்டர் கூடாதுன்னுட்டார்” என்றாள் லொரைன். “நான் பெரிய வண்டிய ஓட்டணும்.”

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. டெஸ் போனை எடுத்து மீட்பு வண்டிக்கு நம்பர் தேடுகிறான். லொரைன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள். என் கார், என் பேரில் இன்சூரன்ஸ், என் கைப்பையில் லைசென்ஸ், நான் அங்கேயே நிற்கிறேன். யாருக்கும் தோணவே இல்லையே! எனக்கே தோணலையே!

“நான் ஓட்டறேன்” என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

“அக்கா, விளையாடாத. இங்க வலது பக்கம் ஓட்டணும்.”

“தெரியும். அவங்க எல்லாரும் அங்கதானே ஓட்டறாங்க.”

போலீஸ் பெண் லைசென்ஸை வாங்கிப் பார்த்துத் திருப்பித் தந்தாள். “மெதுவாப் போங்கம்மா. வலது ஓரமாவே போங்க.” அவர்கள் இருவரும் மோட்டார்சைக்கிளில் எனக்குப் பின்னால் விளக்குப் போட்டுக்கொண்டு அடுத்த ஓய்விடம்வரை வந்தார்கள். ராணி மாதிரி போனேன். இரண்டாவது கியரில்.

மார்ச் 12, தெருவெல்

டெஸ் காலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், வழி சொல்லித் தருகிறேன் என்று. ரவுண்டானா வந்தது. “வலது, வலது, ஐயோ வலது!” கூரையில் இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தான். பல்லுக்கிடையில் மூச்சை இழுத்தான்.

அந்த மூச்சு. அப்படியே கீத்.

கீத் ஒரு நாளும் திட்டினதில்லை. மூச்சைத்தான் இழுப்பார். ஒவ்வொரு வளைவுக்கும், ஒவ்வொரு கியருக்கும். ஒரு நாள் நானே சாவியைக் கொடுத்துவிட்டேன், நீங்களே ஓட்டுங்கள் என்று. நல்ல மனுஷர். ஆனால் அந்த மூச்சு இருக்கே —

ஓரம் கட்டினேன். “இறங்கு” என்றேன்.

“அக்கா?”

“இறங்குடா. உன் பெண்டாட்டி வண்டில ஏறு. நான் பின்னாடியே வரேன்.”

இறங்கினான். பயந்துபோய்விட்டான் என்று நினைக்கிறேன். லொரைன் பெரிய வண்டியின் கண்ணாடி வழியாக எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

அதற்குப் பிறகு மலை, வெட்டவெளி, மலை. லாரியைத் தாண்டத்தான் கஷ்டம். ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கிறதே, எதிரே வருவது தெரியாது. பொறுமையாகக் கிடந்தேன் லாரிக்குப் பின்னால். லாரி நிறையப் பன்றிகள். முப்பது மைல் அவற்றின் காதுகளைப் பார்த்தபடி வந்தேன். மதியத்துக்கு மேல் தனியாக இருக்கிறோம் என்பதை உணர்ந்து உரக்கச் சிரித்தேன். பைத்தியம் மாதிரி.

மார்ச் 13

இன்று லாரியைத் தாண்டினேன்!! இரண்டு.

மார்ச் 15, கல்யாணம்

பெரிய வண்டி கீழேயே நின்றுவிட்டது. டையும் மோதிரமுமாக டெஸ்ஸை முதலில் ஏற்றிக்கொண்டு போனேன். அவன் கைப்பிடி பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை, மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

மேலே போனால் வேறு கலவரம். என்கார்னாவை மாதா கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டிய அண்ணன் மகனின் நீளக் கார் சந்தில் மாட்டிக்கொண்டு முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நிற்கிறது. தெருவெல்லாம் அத்தைமார். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். ராட்னி கோயில் வாசலில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்கிறான்.

ராட்னி என்கார்னாவிடம் எப்போதோ சொல்லியிருக்கிறான் போல, தன் நண்பனின் அக்காவுடைய கார் சின்னது என்று. அவள் என் கார் ஜன்னலைத் தட்டினாள். “உங்க வண்டி போகுமா?”

“ஓட்டறவளப் பாத்தா போகணும்” என்றேன். எனக்கே தெரியாது.

அந்தச் சந்தில் மேலிருந்து பின்னோக்கி இறங்கினால்தான் வேறு தெருவைப் பிடிக்கலாம். என்கார்னா பின் இருக்கையில் பாவாடை கூரைவரை. ஒரு அத்தை முன்னால் நின்று கையாட்டினாள். இன்னொரு அத்தை பின்னால் நின்று அதற்கு நேர்மாறாகக் கையாட்டினாள். இரண்டையும் பார்க்காமல் கண்ணாடியை மட்டும் பார்த்து இறங்கினேன். ஒரு பக்கக் கண்ணாடி ஒரு பூத்தொட்டியோடு போயிற்று. என்கார்னா கைதட்டினாள்.

விருந்தில் டெஸ் கோப்பையைத் தூக்கிப் பேசும்போது எல்லாரையும் வாழ்த்திவிட்டு, “என் அக்காவுக்கும்” என்றான். எனக்குப் போதும்.

மார்ச் 22

கடற்கரை. கண்ணாடி மாற்றியாயிற்று. பக்கத்து ஊருக்குத் தனியாகப் போய் ஆரஞ்சு வாங்கிவந்தேன். இங்கேயே கிடைக்கும். ஆனாலும் போனேன்.

மார்ச் 29, எல்லை

பிரான்சுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். எல்லைப் பாலத்துக்கு முன்னால் நிறுத்தினோம். டெஸ் இழுவைக் கம்பியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். “பாலம் தாண்டினதும் மாட்டிடலாம் அக்கா. நீ உள்ள வந்து காலை நீட்டிப் படு. பிரான்ஸ்ல எவனும் கேக்க மாட்டான்.”

“நான் கேக்கறேன்.”

“என்னது?”

“மாட்டவேண்டாம்டா. சாந்தாந்தர் துறைமுகத்துலேர்ந்து நம்ம நாட்டுக்கே கப்பல் இருக்கு. நான் அந்த வழியா வரேன்.”

“தனியாவா? லொரைன், நீயாவது சொல்லு!”

லொரைன் ஜன்னலிலிருந்து எட்டி என் கையில் ஒரு டப்பா கேக்கைக் கொடுத்தாள். “கப்பல் ஏறினதும் போன் பண்ணு” என்றாள். பெரிய வண்டி பாலத்தில் ஏறிப் போகும்வரை டெஸ் பின் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே போனான்.

ஏப்ரல் 4, யானேஸ் என்று ஒரு ஊர்

கப்பல் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு சாந்தாந்தரைத் தாண்டி வந்துவிட்டேன். மேற்கே போகும்போது கடல் வலது பக்கம். நான் உட்காரும் பக்கமும் வலதுதான். வழி முழுக்க கடல் என் ஜன்னலிலேயே வருகிறது. நாளை மழை என்கிறார்கள். வைப்பர் நன்றாகத்தான் வேலை செய்கிறது.