சிரிக்க வைக்காமல் போன ஷூட்டிங்

சுந்தரபாண்டியபுரம்,
ஐப்பசி 9.

அன்பு மகன் அருண்பாண்டிக்கு அம்மா எழுதுவது. அப்பா நன்றாக இருக்கிறார், சுகர் குறைந்திருக்கிறது. ஷார்ஜா வெயிலில் உனக்கு ஒரு நோவும் வராமல் இலஞ்சி முருகன் பார்த்துக்கொள்ளட்டும். என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. மூன்று தடவை போன் செய்தேன், நீ ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு, யாரு, சத்தமே வரலையே என்று வைத்துவிட்டாய். அதே போனில் அப்பா பேசினால் உனக்குக் கேட்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே வரும் பக்கத்துத் தெரு அல்தாப் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

ஆடியில் சூரியகாந்தி பூத்திருந்தபோது சினிமாக்காரர்கள் வந்து, கதாநாயகனுக்கு அம்மாவாக நடிக்க என்னைக் கூப்பிட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? அவருக்கு நாற்பத்தொன்பது வயது, எனக்கு ஐம்பத்துமூன்று, நாலு வயதில் பிள்ளை பெற்றிருக்கிறேன் பார்! ஜோடியாக வந்த பெண்ணுக்கு உன்னைவிட வயது குறைவு. வசனம் உண்டா என்று கேட்டேன், படுத்திருந்தா போதும்மா என்றான் ஒருவன். ஐம்பதைத் தாண்டிய பொம்பளை சினிமாவில் இருமலாம், அழலாம், இல்லையென்றால் மாலை போட்டுக்கொண்டு சுவரில் தொங்கலாம், வேறு வேலை இல்லை போலிருக்கிறது. எனக்கு எரிச்சல்தான், ஆனாலும் ஆசை விடவில்லை, போய்ப் பிணமாகப் படுத்தேன்.

அழுவதற்கு நம் தெருப் பெண்களையே பிடித்திருந்தார்கள். கதையில் என் பெயர் வள்ளியம்மை. அந்தப் பெயரைச் சொன்னால் முத்துசெல்விக்கு அழுகை வரவில்லை. செத்தவர் பெயரைச் சொல்லி அழுதுதானே அவளுக்குப் பழக்கம், அதனால் என் நெஞ்சில் விழுந்து, யக்கா, குருவக்கா, ஒத்தப் பிள்ளையக் கடல் தாண்டி அனுப்பிட்டு அவன் மொகத்தப் பாக்காமப் போறியே என்று அழுதுவிட்டாள். மற்றவர்களும் என் பெயரையே பிடித்துக்கொண்டார்கள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, மூச்சு விடுகிறேனா என்றே சந்தேகம் வந்துவிட்டது. டைரக்டர் சூப்பர் என்றார்.

பிணமாக நடித்தவரை எழுப்பி உட்காரவைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட் எடுத்துவிட வேண்டுமாம். அதுதான் அவர்கள் வழக்கம், இல்லாவிட்டால் நடித்தவருக்கு ஆகாதாம். அன்று சாரல் பிடித்துக்கொண்டது, கேமராவை மூடி வண்டியில் ஏற்றிக்கொண்டு குற்றாலத்து லாட்ஜுக்குப் போய்விட்டார்கள். என்னைச் சிரிக்க வைக்க ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. நானே எழுந்து மூக்குப் பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு நடந்து வந்தேன்.

போன மாதம் டிரெய்லர் வந்தது. நீகூட அப்பா போனுக்கு ஒரு அழுகிற பொம்மை அனுப்பினாய். அதற்குப் பிறகுதான் எல்லாம். தென்காசி பஸ்ஸில் கண்டக்டர் எல்லாப் பெண்களுக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னைத் தாண்டிப் போகிறார், கை நீட்டினாலும் பார்ப்பதில்லை. நான் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒருத்தி பையை வைக்க வந்து, ஐயோ ஆளு இருக்கா என்று பதறினாள். முத்துசெல்வி இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

விட்ட சிரிப்பை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று தென்காசியில் ஜோஷ்வா ஸ்டுடியோவுக்குப் போனேன். நன்றாகச் சிரித்தேன். நாலு படத்திலும் கண் மூடியிருந்தது. கண்ண மூடாதீங்கம்மா என்றான், நான் மூடவே இல்லை. ஐந்தாவது எடுத்து, காசு வேண்டாம் என்று சொல்லி அவசரமாகக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டான்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே. ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது, லீவு கேள். அந்தப் போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். அப்பா பார்த்துவிட்டு, அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். என் பார்வைக்குக் கண் திறந்துதான் இருக்கிறது. நீ பார்த்து, என்ன தெரிகிறதோ அதை மறைக்காமல் எழுது.

உன் அம்மா,
குருவம்மாள்