உங்களை ‘ஆன்ட்’ என்று சொன்னேன், சின்னம்மா

என் ஆசைச் சின்னம்மா,

நீங்கள் கண்ணை மூடி நான்கு வருடம். நேரமில்லாததால் எழுதாமல் இருக்கவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். இப்போது கொஞ்சம் தெரிகிறது.

முதலில் என் புதினம், புதுச் சேதி. ஈஸ்ட் ஹாமில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத இவளா என்று கேட்பீர்கள். வகுப்பில் பதினொரு பெண்கள், எல்லாரும் சீனமொழி பேசுகிறவர்கள். பலர் ஹாங்காங்கிலிருந்து வந்தவர்கள். அடுத்த வருடம் அந்த ஊரைச் சீனாவிடம் கொடுக்கப்போகிறார்கள் என்பதால் எல்லாருக்குமே ஓர் அவசரம்.

இரண்டு மாதத்துக்கு முன் உறவுமுறைப் பாடம் நடத்தினேன். அம்மாவின் அக்கா, அம்மாவின் தங்கை, அப்பாவின் சகோதரி, மாமாவின் மனைவி என்று பலகையில் படம் வரைந்து, எல்லாருக்கும் கீழே ‘ஆன்ட்’ என்று எழுதினேன். வகுப்பு குழம்பிவிட்டது. அவர்களுடைய மொழியில் இத்தனை பேருக்கும் தனித்தனிப் பெயர், நம்மைப் போலவே. நம்மைவிட அதிகமாகவே இருக்கும்.

“டீச்சர், எல்லாரும் ‘ஆன்ட்’ என்றால் கல்யாண வீட்டில் முறைப்படி யாருக்கு முதலில் தேநீர் கொடுப்பார்கள்?” என்று கேட்டார் திருமதி சூ. அவர்தான் வகுப்பிலேயே மூத்தவர். ‘கசின்’ என்று எழுதியதும் அவருக்குப் பொறுக்கவில்லை. “சித்தப்பா மகனும் மாமா மகனும் ஒன்றா? யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது என்று இந்த வெள்ளைக்காரருக்கு எப்படித் தெரியும்?”

எங்களிடமும் அப்படித்தான், மாமா மகன் மச்சான், சித்தப்பா மகன் அண்ணன் என்றேன். “அப்போ நீயும் எங்கள் ஆள்” என்று எனக்கு ஒரு தோடம்பழம் உரித்துத் தந்தார். ‘அம்மா பக்கத்து’, ‘அப்பாவின் மூத்த’ என்று சொல்லுக்கு முன்னும் பின்னும் சேர்த்துக்கொள்ளப் பழக்கினேன். ஒருமாதிரி ஒப்பேறியது.

வகுப்பு முடிந்தபின் திருமதி லாம் மட்டும் போகவில்லை. நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். இறந்துபோன தங்கையின் மகளை மூன்று வயதிலிருந்து வளர்த்திருக்கிறார். போன வருடம் கணவரோடு இங்கே வந்தபோது பிள்ளையை அயல்வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. இப்போது அவளைக் கூப்பிட விண்ணப்பித்திருக்கிறார். குடிவரவு அலுவலகத்துக்கு விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது.

“தங்கை மகளை ‘நீஸ்’ என்றால் தூரத்து ஆள் மாதிரி இருக்கிறது. நான் மகள், ‘டோட்டர்’ என்று சொல்லப்போகிறேன்” என்றார்.

வேண்டாம் என்றேன். உங்களுக்கு நினைவிருக்கிறதா, நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த வருடம்? எனக்குப் பன்னிரண்டு வயது. உங்களுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். இவர் உனக்கு யார் என்று குடிவரவு அதிகாரி கேட்டார். ‘மதர்’ என்றேன். ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அம்மா செத்தபின் எனக்கு இருந்த தாய் நீங்கள்தானே, பெயரிலேயே அம்மா இருக்கிறதே. அவர் என் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தார், உங்கள் கடவுச்சீட்டைப் பார்த்தார், பேனையை மூடி வைத்தார்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் கடிதங்கள், கேள்விகள். எங்களைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம். பஸ்ஸில் நான் அழுதபோது நீங்கள் சொன்னது: “நீ பொய் சொல்லேல்லைப் பிள்ளை. அந்தாளுக்கு விளங்கேல்லை. மூக்கைத் துடை, சனம் பாக்குது.”

அன்றிலிருந்து எங்கும் ‘ஆன்ட்’ தான். பள்ளிக்கூடத்தில், டொக்டரிடம், கவுன்சிலில். கடைசியாக ஆஸ்பத்திரியில், உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது, இவர் உனக்கு யார் என்று தாதி கேட்டாள். அப்போதும் அதையே சொன்னேன். நீங்கள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினீர்கள். வெளிச்சத்துக்காகத்தானா? எட்டு வருடம் இந்த ஊரில் இருந்தவருக்கு அந்தச் சொல் விளங்காமலா இருந்திருக்கும்?

இதையெல்லாம் திருமதி லாமிடம் சொன்னேன். வேறு யாருக்கும் சொன்னதில்லை. கேட்டுவிட்டு, “அப்போ எந்தச் சொல்?” என்றார்.

“ஒரு சொல் போதாது. இரண்டு வசனம் சொல்லுங்கள்” என்று தாளில் எழுதினேன். ‘அவள் என் தங்கையின் மகள். மூன்று வயதிலிருந்து நான்தான் வளர்த்தேன்.’

எழுதி முடித்ததும் அதை நானே ஒருமுறை வாசித்தேன். அந்தத் தாதியிடம் இப்படிச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும், சின்னம்மா? ஒரு மூச்சு.

அடுத்த சனிக்கிழமை வகுப்பே ஒத்திகை பார்த்தது. திருமதி சூ அதிகாரியானார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, “உனக்கு மொத்தம் எத்தனை தங்கை? ஏன் முழிக்கிறாய்?” என்று மிரட்ட, திருமதி லாம் சீனத்தில் எதையோ சொல்லிவிட்டார். மற்றவர்கள் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். அதை எனக்கு மொழிபெயர்க்க ஒருவரும் முன்வரவில்லை.

விசாரணை நாளில் கூடப் போய் வெளியே உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு வந்தார். “இரண்டையும் சொன்னேன். மூன்றாவது ஒன்றும் சொன்னேன். ‘காய்ச்சல் வந்தால் அவள் கூப்பிடுவது என்னை.’ வசனம் சரியா, டீச்சர்?”

ஆங்கிலத்தில் அது சரியில்லை. சரி என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. பிள்ளைக்கு அனுமதி. ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை ஹீத்ரோவில் இறங்குகிறாள். என்னையும் வரச்சொல்கிறார்கள். அந்தப் பிள்ளை என்னை என்னவென்று கூப்பிடும் என்று தயங்கினேன். திருமதி லாமுக்கு யோசிக்கவே தேவை இருக்கவில்லை.

“நீ என்னைவிடச் சின்னவள். அம்மாவின் தங்கைக்கு எங்களிடம் உள்ள சொல் ‘ஆ யீ’. அப்படித்தான் கூப்பிடுவாள். வேறென்ன?”

அந்தச் சொல் எனக்குப் பெரிது. ஆனாலும் போகப்போகிறேன். அவள் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளில் கூட நிற்பேன், அவளை யாருக்கும் மொழிபெயர்ப்பாளராக விடமாட்டேன். உங்களைப் பற்றி இனி யார் கேட்டாலும், எவ்வளவு அவசரத்தில் கேட்டாலும், இரண்டு வசனத்தையும் முழுதாகச் சொல்லித்தான் நிறுத்துவேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் பெறாமகள்